காந்தம் ஒட்டாத இடம்

அமெரிக்காவில் 1972 மாடல் செவர்லே சி10 பிக்கப்பை விற்பவர் முதலில் சொல்வது: "நிறுத்தும்போது நல்லாத்தான் ஓடிச்சு." எந்த வருஷம் நிறுத்தினார் என்று கேட்பது நாகரிகமல்ல. நீங்கள் போய்ச் சேரும்போதே பானெட் வெதுவெதுப்பாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் பண்ணும் அழும்பை உங்கள் கண்ணில் காட்டக்கூடாதென்று மனுஷர் காலையிலிருந்தே பாடுபட்டிருக்கிறார்.

சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்கட்டும். கதவுக்குக் கீழேயும் கேபின் மூலைகளிலும் அது ஒட்டாமல் விழுந்தால், அங்கே பட்டியும் பெயிண்டும் சேர்ந்து இரும்பு வேஷம் கட்டியிருக்கின்றன. சீட்டுக்குப் பின்னால் பெட்ரோல் வாடையா? பதற வேண்டாம், டாங்கியைக் கம்பெனியே அங்கேதான் வைத்தது. தரைத்தகட்டு ஓட்டையில் புல் தெரிந்தால், காற்றோட்டம் என்பார்.

இத்தனையும் குனிந்து பார்த்து முடித்த வாங்குபவர் கேட்பார்: "இதே நீலக் கலர் இப்பவும் கிடைக்குதா?"