நழுவலும் நழுவல் நிமித்தமும்: பெற்றோர் தன்னார்வம் பற்றி ஓர் ஆய்வு

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண் குழந்தை கிண்டர்கார்டனில் சேர்ந்த சில வாரங்களில், புத்தகப் பைக்குள் ஒரு வண்ணத்தாள் வீடு வந்து சேரும். புதிதாக ஒரு கேர்ள் ஸ்கவுட்ஸ் ட்ரூப் தொடங்குகிறோம், பெற்றோர் கூட்டத்துக்கு வாருங்கள் என்று அதில் அச்சிட்டிருக்கும். அந்தத் தாளைக் கண்டு மகள் துள்ளுவதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. அதே தாளைக் கண்ட தந்தையின் முகம் போகும் போக்கை இதுவரை எவரும் முறையாக ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அக்குறை தீர்க்கவே இக்கட்டுரை எழுந்தது.

தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். பெற்றோர் கூட்டத்துக்கும் அப்பகுப்பு பழுதறப் பொருந்தும். முதற்பொருளாவது நிலமும் பொழுதும்: பள்ளியின் உணவுக்கூடம், வேலை நாளின் மாலை ஆறரை மணி. கருப்பொருளாவன: ஆறு வயதுக்காரர்களுக்கென்று செய்த குட்டை பெஞ்சு, அதில் முழங்கால் மோவாயைத் தொட அமர்ந்திருக்கும் மென்பொருள் பொறியாளர்கள், மூடி தொலைந்த பசைக்குச்சி, ஜூஸ் டப்பா, கைமாறி வரும் ஒரு கையெழுத்துத் தாள். உரிப்பொருள், நழுவலும் நழுவல் நிமித்தமும்.

நழுவல் வேறு, நிமித்தம் வேறு. எழுந்து போய்விடுவது நழுவல். அதைச் சிறியோரும் செய்வர். நிமித்தம் நுட்பமானது. அடிக்காத போனை எடுத்துப் பார்த்தல், அவிழாத ஷூ லேஸைக் குனிந்து கட்டுதல், சுவரில் ஒட்டியுள்ள காய்கறிப் படத்தைப் புதிதாகக் கண்டதுபோல் உற்று நோக்குதல் ஆகியன இதன்பாற்படும். கைக்குழந்தையோடு வந்தவர் பாக்கியவான். அழும்வரை அதைக் கிள்ளிவிட்டு வெளியே தூக்கிப் போவோரும் உளர் என்பார் ஒரு சாரார். அதற்குச் சான்றில்லை என்று மறுப்பர் கிள்ளியோர்.

கையெழுத்துத் தாளைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், குக்கி மேலாளர், முகாம் பொறுப்பு, நொறுக்குத் தீனி எனக் கட்டங்கள். தாள் ஒரு சுற்று வந்து திரும்பும்போது, நொறுக்குத் தீனிக் கட்டத்தில் பெயர்கள் இடம் போதாமல் ஓரத்தில் ஏறிச் செங்குத்தாக நிற்கும். தலைவர் கட்டத்தில் ஒரே ஒரு பேனாப் புள்ளி. யாரோ எழுதத் தொடங்குகையில் மனைவியின் முழங்கை விலாவில் பட்டதன் தடயம் அது என்பது என் துணிபு. காரிலேயே, “என்னங்க, அங்க வந்து கேள்வி கீள்வி கேட்டுத் தொலைக்காதீங்க” என்று எச்சரித்துக் கூட்டிவந்த மனைவி அவர். எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. கூட்டத்தில் முதலில் வாய் திறப்பவர் தலைமை ஏற்பார் என்பது இத்துறையின் அடிப்படை விதி. திறந்தது கழிப்பறை எங்கே என்று கேட்பதற்காக ஆயினும் விதி விலகாது.

இந்நழுவலை முறியடித்த முன்னோடியைக் குறிப்பிடாமல் நகர்வது பாவம். கேர்ள் ஸ்கவுட்ஸ் இயக்கத்தை நிறுவிய ஜூலியட் கார்டன் லோ 1886-இல் மணம் முடித்தபோது, அந்நாட்டு வழக்கப்படி மணமக்கள்மேல் அரிசி தூவினார்கள். அதில் ஒரு மணி அவர் காதுக்குள் புகுந்து தங்கிவிட்டது. எடுக்கப் போய் அந்தக் காது கெட்டது. இன்னொரு காதை ஒரு சிகிச்சை முன்பே கெடுத்து வைத்திருந்தது. (நம் அட்சதை காதைக் குறிவைக்காமல் தலையோடு நின்றுவிடுவதன் சிறப்பு தனி ஆய்வுக்குரியது.) 1912 மார்ச் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில் 18 சிறுமியரோடு அவர் இயக்கத்தைத் தொடங்கினார். பிற்பாடு செலவுக்காகத் தம் முத்துமாலையையும் விற்றார். ஆனால் அவருடைய பெருஞ்சொத்து அந்தக் காதுதான். ஊர்ச் சீமாட்டிகளிடம் போய் உதவி கேட்பாராம். எனக்கு நேரமில்லை என்று அவர்கள் மறுத்தால் அது மட்டும் அவருக்குக் கேட்காதாம். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வேலையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். தன்னார்வலர் திரட்டும் கலையில் இதைவிட மேலான உத்தியை இந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

இக்கால ட்ரூப் தலைவிகளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது; சங்கடம் அதில்தான். போதாக்குறைக்கு வாட்ஸ்அப் குழு வேறு. “யாராவது சனிக்கிழமை உதவ முடியுமா?” என்று கேட்பார்கள். நீல டிக் விழும், இரண்டு கட்டைவிரல் உயரும், ஆள் வராது. இதன் காரணத்தை டார்லி, லட்டானே என்னும் உளவியலாளர் இருவர் 1968-லேயே சோதித்துச் சொல்லிவிட்டனர். இன்டர்காம் வழியே ஒருவர் வலிப்பு வந்து தவிப்பது போன்ற ஒலிப்பதிவைக் கேட்கச் செய்தார்கள். தான் ஒருவரே கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அது ஓய்வதற்குள் உதவிக்கு எழுந்தனர். இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் எழுந்தது 31 விழுக்காடு. வலிப்புக்கே இந்தக் கதி என்றால் மடக்கு மேசை தூக்க யார் வருவார்?

விதிகளும் தலைவிக்கு அனுகூலமாக இல்லை. ட்ரூப் நடத்த ஒருவருக்கொருவர் உறவில்லாத பெரியவர் இருவர் வேண்டும். பின்னணிச் சோதனையும் உண்டு. மேசை போடுவது, காரோட்டுவது, மாவு வாங்கி வருவது என்று எல்லாம் செய்யும் தலைவியின் கணவர் இக்கணக்கில் சுழியம். அர்த்தநாரீசுவரத் தத்துவத்தை இவ்வளவு கறாராகக் கடைப்பிடிக்கும் அமைப்பு வேறில்லை. டெய்சி எனப்படும் கடைக்குட்டிப் பிரிவில் 12 பேர் வரையிலான கூட்டத்துக்கு பெரியவர் இருவர் போதும். தீயணைப்பு நிலையம் பார்க்க வெளியே கூட்டிப்போனால் அதே இருவருக்கு ஆறு பேர்தான்.

ட்ரூப் செலவுக்காகச் சிறுமியர் நடத்தும் குக்கி விற்பனையோ பெருங்கடல். இங்கே கரையில் நின்று பார்ப்பதோடு சரி. 1917-இல் ஓக்லஹோமாவின் மஸ்கோகி ஊர்ச் சிறுமியர் வீட்டில் சுட்டு, பள்ளியில் விற்றதில் தொடங்கியது இது. இன்று கேஸுக்கு 12 பாக்கெட் வீதம் வந்து இறங்கி, கராஜை நிரப்பி, காரைத் தெருவில் பனியில் நிறுத்திவிடுகிறது. இலக்கு வகுத்தல், முடிவெடுத்தல், பணம் கையாளல், மனிதரோடு பழகல், வணிக நேர்மை ஆகிய ஐந்தும் சிறுமிக்கு இதனால் வாய்க்கும் என்கிறது இயக்கம். ஆர்டர் தாளை ஆபீசுக்கு எடுத்துப்போய் மேலதிகாரியின் மேசையில் வைக்கும் அப்பாவுக்கே அவ்வைந்தும் வாய்ப்பதைப் பல அலுவலகங்களில் காணலாம்.

முடிவுரைக்குப் பதில் விண்ணப்பம் இரண்டு. தலைவிகளே, ‘யாராவது’ வேண்டாம். “ரமேஷ் அண்ணா, சனிக்கிழமை பத்து மணிக்குக் கடை வாசலுக்கு உங்க மடக்கு மேசையைக் கொண்டு வந்துடுங்க” என்று பெயர், நாள், பொருள் மூன்றும் சேர்த்துக் கேளுங்கள். அண்ணா மறுத்தால் ஜூலியட் அம்மையார் வழியைப் பின்பற்றவும். அப்பாக்களே, தாள் வரும்போது பொருளாளர் கட்டத்தில் முந்திக்கொண்டு எழுதிவிடுங்கள். வங்கிக் கணக்கை வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம், கூடாரத்தில் படுக்க வேண்டியதில்லை.