'அங்கை பார்' அப்பா

ஸ்காபரோவில் செப்ரெம்பர் பாதி கழிந்ததும் சில அப்பாமாரின் நடத்தை மாறும். அதுவரை சனிக்கிழமை என்றால் பத்து மணிவரை போர்வைக்குள் கிடந்தவர், விடியமுன்னரே எழும்பிக் கைபேசியோடு குசினிக்குள் நிற்பார். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்காரர் இந்தக் காலத்தில் ஓர் அறிக்கை வெளியிடுவார்கள். எந்தப் பூங்காவில் எத்தனை வீதம் இலை நிறம் மாறிவிட்டது, எத்தனை வீதம் விழுந்துவிட்டது, தூக்கலாக நிற்பது சிவப்பா செம்மஞ்சளா என்றெல்லாம் அதில் இருக்கும். மற்றவர்கள் பங்குச்சந்தையைப் பார்க்கிற கண்ணால் இவர் அதைப் பார்ப்பார்.

"அல்கொன்குவின் எழுபது வீதமாம். இந்தக் கிழமை விட்டால் முடிஞ்சிடும்."

"ஆருக்கு முடிஞ்சிடும்?" என்று மனைவி போர்வைக்குள்ளிருந்து கேட்பார்.

"நான் பிள்ளைக்காகச் சொல்லுறன்."

எல்லாம் பிள்ளைக்காகத்தான். பிள்ளைக்கு நாலு வயது. இந்த எழுபது வீதத்தைப் பற்றி அவனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

அல்கொன்குவின் பூங்கா 1893இல் தொடங்கப்பட்டது. அதற்குள் கார் நுழைய அனுமதிச்சீட்டை முன்கூட்டியே எடுக்கவேண்டும். நிறம் உச்சத்தில் இருக்கும் வார இறுதிகளில் அது கிடைப்பது லேசில்லை. அதை எடுத்த அன்று நம்மவர் நடக்கிற நடையைப் பார்க்கவேண்டும். வீட்டுக்கடன் கிடைத்த நாளில்கூட அவர் அப்படி நடந்ததில்லை. மனைவியின் தயாரிப்பு வேறு வகை. காலையில் உறைகுளிர், மத்தியானம் வெயில், பின்னேரம் மழை என்று மூன்று காலத்துக்கும் உடுப்பு, மாற்றுக் காற்சட்டை, அதற்கும் ஒரு மாற்று, ஈரத்துடைப்பான், ஃபிளாஸ்கில் தேத்தண்ணி, ஒரு பெட்டி ரோல்ஸ், ஒரு பெட்டி மிதிவெடி. அம்மம்மாவும் வருவார். "மரம் பார்க்கவோ மூண்டு மணித்தியாலம் போறியள்?" என்று கேட்டுக்கொண்டே முதலில் காரில் ஏறியிருப்பவர் அவர்தான்.

மூன்று மணித்தியாலம் என்பது வீதி வெறுமையாக இருந்தால். ஹைவே 400 இந்த வார இறுதிகளில் வெறுமையாக இருப்பதில்லை. அந்த நேரத்தை வீணாக்கக்கூடாது என்று அப்பா பாடம் தொடங்குவார். குளிர் வர, மரம் பச்சையத்தைச் செய்வதை நிறுத்துகிறது. மஞ்சள் ஏற்கெனவே இலைக்குள் ஒளிந்திருந்தது, இப்போது வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் இந்தக் காலத்தில் புதிதாக உண்டாகிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் ஒத்துவந்தால் சிவப்பு கூடும். சொல்வது அத்தனையும் சரி.

"விளங்கிச்சோ குஞ்சு? அங்கை பார், அங்கை பார்! அதுதான் சுகர் மேப்பிள்!"

பிள்ளை மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பக்கம் ஒரு சீமெந்து லொறி போகும். சுற்றிக்கொண்டே போகிற லொறியும் மரமும் போட்டியிட்டால் நாலு வயதில் மரம் வென்றதாகச் சரித்திரம் இல்லை.

அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். அவர் வளர்ந்த ஊரில் பனைக்கு இப்படியொரு பழக்கம் கிடையாது. அது ஓலையைக் காயவிட்டுத் தொங்கப்போடும், அவ்வளவுதான். ஒரு மலை முழுவதும் ஒன்றாக நிறம் மாறுவதை அவர் முதலில் கண்டபோது அவருக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். அந்த வயதில் வாய்பிளந்து நிற்க ஒரு சாட்டு வேண்டும். பிள்ளை நல்ல சாட்டு.

உச்சிப் பாறைக்கு ஏறுகிற பாதை இரண்டு கிலோமீற்றர் சொச்சம்தான், ஆனால் செங்குத்து. முதல் நூறு யார் பிள்ளை ஓடுவான். அடுத்த நூறு யார் குந்தியிருந்து ஒரு எறும்பைப் பார்ப்பான். பிறகு அப்பாவின் தோளில் ஏறிவிடுவான். மேலே போய்ச் சேர்ந்தால், கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பும் பொன்னுமாகக் காடு. இறக்கிவிடப்பட்ட பிள்ளைக்குத் தெரிவது எதிரே நிற்கிறவர்களின் முழங்கால்கள். அவன் குனிந்து, தேய்ந்துபோன பழுப்பு இலையொன்றை எடுத்து, அதிலிருந்த ஓட்டைக்குள்ளால் அம்மம்மாவைப் பார்ப்பான். மரத்தில் நிற்கிற இலையெல்லாம் அப்பாவுடையது, நிலத்தில் கிடக்கிறது பிள்ளையுடையது என்று அந்த வீட்டில் சொல்லாமலே ஒரு பாகப்பிரிவினை நடந்திருக்கிறது.

"எறியடா அந்த ஊத்தையை. அங்கை பார்! அப்பாவைப் பார்! சிரி!"

படம் உடனே குடும்பக் குழுவுக்குப் போகும். யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா பதில் போடுவார்: "பிள்ளை மெலிஞ்சு போனான். சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" பின்னால் விரிந்து கிடக்கிற காட்டைப் பற்றி ஒரு சொல்லும் இராது. இரவு தொலைபேசியில் "என்ன பாத்தனி ராசா?" என்று அவர் கேட்க, பிள்ளை கொஞ்சமும் யோசிக்காமல் சொல்வான், "கை காயவைக்கிற மெஷின்." வழியில் இறங்கிய கழிப்பறையில் அது ஊதியபோது அவன் அலறிச் சிரித்தது உண்மை. அன்றைய பயணத்தில் அவன் இரண்டாம் முறை போகக் கேட்ட ஒரே இடம் அதுதான்.

அடுத்த கிழமை அப்பிள் தோட்டம். பையை விலைக்கு வாங்கி, வைக்கோல் வண்டிலில் போய், அப்பிளை நாங்களே பிடுங்கவேண்டும். அம்மம்மாவுக்கு இந்த வியாபாரம் இன்னும் பிடிபடவில்லை. "ஊரிலை மாங்காய் பிடுங்கிறவனுக்கு நாங்கள் காசு குடுப்பம். இஞ்சை பிடுங்கிறதுக்கு நாங்கள் காசு குடுக்கிறமோ?" தோட்டக்காரருக்கு இந்தக் கேள்வி கேட்காதது நல்லது. அப்பா இதற்கும் படித்துவிட்டு வந்திருப்பார். மக்கின்ரொஷ் அப்பிள் இதே ஒன்ராறியோவில், 1811இல் ஜோன் மக்கின்ரொஷ் என்ற விவசாயி கண்டெடுத்த கன்றிலிருந்து வந்தது என்று விளக்குவார். பிள்ளை பையிலுள்ள ஒவ்வொரு அப்பிளிலும் ஒரு கடி கடித்து வைப்பான். அம்மா கடிபட்ட பக்கத்தைக் கீழே திருப்பி அடுக்குவார்.

ஹைலண்ட் ஓடையில் சமன் மீன் ஏறுவதைக் காட்டவும் அப்பா தவறமாட்டார். அது வீட்டிலிருந்து பத்து நிமிடம், அதனால் அவருக்கே அதில் பெரிய மதிப்பில்லை. ஆனால் கரையில் நின்று, ஆளின் கை நீளத்துக்கு ஒரு மீன் கல்லில் அடிபட்டு அடிபட்டு மேலே ஏறுவதைக் கண்டதும் குரல் மாறிவிடும். "பார் குஞ்சு, அது பிறந்த இடத்துக்குத் திரும்பிப் போகுது. எவ்வளவு தூரம் போனாலும் மறக்காது." அம்மம்மா சேலைத்தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேசாமல் நிற்பார். பிள்ளை கேட்பான்:

"நாங்கள் எப்பயப்பா போறம்?"

அப்பாவுக்குத் தொண்டை அடைக்கும். "எங்கை ராசா?"

"வீட்டை. எனக்கு ஒண்டுக்கு வருது."

ஒக்ரோபர் 31 வரும். ஹலோவீனுக்காக வாங்கிய சிலந்தி மனிதன் உடுப்பு முழுவதும் குளிர்ச் சட்டைக்குள் மறைய, வீடு வீடாக இனிப்புக் கேட்கப் போவது சாதாரண ஸ்காபரோப் பிள்ளைதான். வாசலில் முகம் வெட்டிவைத்த பூசணிக்காயை அம்மம்மா கடக்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார். இரண்டு நாள் கறிக்குக் காணுமாம். செதுக்குகிற பூசணி தண்ணீர்ச்சத்து, கறிக்கு ஆகாது என்று மருமகன் சொன்னதை அவர் நம்பவில்லை.

நொவெம்பரில்தான் அப்பாவுடைய சொந்த வாசல் மேப்பிள் மஞ்சளாகும். அதை அவர் பார்ப்பதேயில்லை. அது முழுவதும் கொட்டியபிறகு வாரிக்கட்டைத் தூக்கிக்கொண்டு, "எந்த மடையன் இந்த மரத்தை இஞ்சை நட்டவன்?" என்று ஏசியபடி மாநகரசபை கேட்கிற கடதாசிப் பைகளில் அள்ளி நிரப்புவார். பிள்ளைக்கோ வருசத்திலேயே பெரிய நாள் அது. அப்பா ஒரு குவியல் சேர்ப்பார், அவன் அதற்குள் பாய்வான். அவர் இன்னொன்று சேர்ப்பார், அவன் அதற்குள்ளும் பாய்வான். ஒரு மணித்தியாலம் இப்படிப் போனாலும் பை நிறையாது. கமரா வீட்டுக்குள் இருக்கும்.

நொவெம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். பிள்ளைக்கு அதை யாரும் அறிவிக்காதபடியால் ஐந்து மணிக்கே கட்டிலருகில் வந்து நிற்பான். அம்மா திரும்பிப் படுப்பார். அப்பா இருட்டில் எழும்பி, ஒரு கையால் அவனைத் தூக்கி, மற்றக் கையால் கைபேசியைத் திறப்பார். ரொறன்ரோவில் 1905இலிருந்து நடக்கிற சான்ரா குளோஸ் ஊர்வலம் இந்த மாதம்தான். முன்வரிசையில் இடம்பிடிக்க எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.