மூன்று துளை, முப்பது துளை

பென்சில்வேனியாவில் அப்போதெல்லாம் துப்பாக்கி மான் வேட்டை, தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கும். அன்றைக்குப் பல பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை. 2019இல்தான் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். நான் வேலைக்காக அங்கே குடியேறிய தொண்ணூறுகளில், அந்தத் திங்களுக்கு முந்தைய வாரங்களில் சுடுதளத்தில் மேசை கிடைப்பதே பெரிய பாடு. வருகிறவர்களில் பலர் கடைத் தோட்டாவைத் தொடமாட்டார்கள். வீட்டு பேஸ்மெண்டில் தாங்களே செய்து, பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவருவார்கள். நான் தோட்டா செய்யப் பழகியது அவர்களிடம்தான்.

சுட்ட பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடக் கூடாது என்பது முதல் பாடம். அதை அச்சுக்குள் கொடுத்து பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்தால், மருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமர் கழன்று விழும். வெடித்தபோது விரிந்த கூடு மறுபடி அளவுக்கு வரும். புது பிரைமரை அழுத்தி, வெடிமருந்து போட்டு, மேலே குண்டைப் பொருத்தினால் தோட்டா தயார். மருந்து நிறுப்பதுதான் இதில் உயிரான வேலை. ஒரு பவுண்டை ஏழாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கிரெயின், ஏறத்தாழ 65 மில்லிகிராம். எங்கள் முள் தராசு அதிலும் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். மருந்தைச் சிறிது சிறிதாகச் சிந்தும் ட்ரிக்ளரின் குமிழை விரல் நுனியால் திருகத் திருக, நறுக்கிய பென்சில் முனை மாதிரி கரிய குச்சிகள் ஒவ்வொன்றாகத் தட்டில் விழும். முள் பூஜ்யத்தை நெருங்கும்போது பெரிதாக மூச்சுவிட மாட்டோம். இரண்டு குச்சி கூடிப்போனால் இடுக்கியால் எடுத்துவிடுவோம்.

அத்தனை நிதானமாகச் செய்த தோட்டாவை எப்படிச் சோதித்தோம்? நூறு கெஜம் தள்ளி அட்டை, மணல்மூட்டை மேல் ரைஃபிள், மூன்று குண்டு. மருந்தளவைச் சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு அளவிலும் மூன்று சுட்டு, எந்தக் குரூப், அதாவது துளைக்கூட்டம், மிகச் சிறியதோ அதுதான் இந்தத் துப்பாக்கிக்கு வாய்த்த மருந்து என்று முடிவுகட்டுவது வழக்கம். ஒன்றுக்கொன்று மிகத் தூரமாக விழுந்த இரண்டு துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு காலிப்பர் வைத்து அளந்து, குண்டின் விட்டத்தைக் கழிக்க வேண்டும்; .308 ரைஃபிளுக்கு அது 0.308 அங்குலம். நூறு கெஜத்தில் 1.047 அங்குலம் வந்தால் ஒரு எம்.ஓ.ஏ., அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அதற்குக் கீழே வந்த அட்டையை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தவர்கள் உண்டு. கால் டாலர் காசை மேலே வைத்து மூன்று துளைகளையும் மறைத்துக் காட்டுவார்கள். நாலாவதாக ஒன்று சுட்டு அது தள்ளிப் போயிருந்தால், அதற்கு ‘ஃப்ளையர்’ என்று பெயர் வைத்துக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

கைவேலையில் அவ்வளவு கறாராக இருந்த மனிதர்கள் எண்ணிக்கையில் இவ்வளவு தாராளமாக இருந்தது எனக்கு இன்றும் தீராத ஆச்சரியம். ஒரே துப்பாக்கி, ஒரே மருந்தளவு. அடுத்தடுத்து இரண்டு முறை மூன்று மூன்றாகச் சுட்டால், ஒரு குரூப் மற்றதைப் போல இருமடங்கு இருப்பது வெகு சாதாரணம். சிறியது வந்தால் அது பெரும்பாலும் அன்றைய அதிர்ஷ்டம். அதே தோட்டாவை ஐந்தாகச் சுட்டால் குரூப் சராசரியில் ஏறக்குறைய 27 சதவீதம் பெரிதாகும். பத்தாகச் சுட்டால் 58 சதவீதம். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை. அதன் உண்மையான சிதறல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது, அவ்வளவுதான். சிதறலைச் சுட்டு ஆராய்வதும் புதிதல்ல. பிராங்க்ளின் மேன் என்ற அமெரிக்க மருத்துவர், காங்கிரீட் பீடத்தில் குழலைக் கிடத்தி, குண்டு போகும் வழியெல்லாம் காகிதத் திரை கட்டி, பல்லாண்டு சுட்டுப் பார்த்து 1909இலேயே புத்தகம் போட்டிருக்கிறார். தன் அனுமானம் எதையும் சுட்டுப் பார்க்காமல் நம்பாத அந்தப் பிடிவாதத்தை நான் வணங்குகிறேன்.

இப்போது கருவிகளுக்குப் பஞ்சமில்லை. அன்றைக்கு வேகம் அளக்க வேண்டுமென்றால் துப்பாக்கி முன்னால் ஒளித்திரைகளை நட்டு, வெளிச்சம் வாகாக அமையக் காத்திருக்க வேண்டும். திரையின் கம்பியையே சுட்டுவிட்டவர்களும் இருந்தார்கள். 2023இல் வந்த கார்மின் ரேடார் உள்ளங்கைக்குள் அடங்கும். மேசை மேல் வைத்தால் போதும். மின்தராசு தானே நிறுத்துக் கொட்டுகிறது. அட்டையருகே கேமரா இருப்பதால் நூறு கெஜம் நடக்க வேண்டியதில்லை. ஆனால் 2020க்குப் பிறகு பிரைமர் தட்டுப்பாடு வந்தது. கடையில் தட்டுகள் காலி. ஆயிரம் பிரைமர் முப்பது நாற்பது டாலருக்கு வாங்கியவர்கள், கைமாற்றாக நூறு டாலருக்கு மேல் கொடுத்தார்கள். ஒரு முடிவுக்கு முப்பது குண்டாவது வேண்டும் என்று சுடுகிறவர்கள் வாய்விட்டுப் பேசத் தொடங்கிய அதே காலத்தில், ஒவ்வொரு குண்டையும் எண்ணிச் சுடும்படி ஆகிவிட்டது. மூன்றோடு நிறுத்திக்கொள்ள அப்போது ஒரு புதுக் காரணம் கிடைத்தது.

போன இலையுதிர் காலத்தில் பக்கத்து மேசையில் ஒரு தமிழ்ப் பையன். கம்ப்யூட்டர் வேலை, புது 6.5 கிரீட்மோர் ரைஃபிள், புது ரேடார். முகமெல்லாம் சிரிப்பு.

“அங்கிள், எஸ்.டி. ஏழுதான் வருது!”

“எத்தனை குண்டுக்குப்பா?”

“அஞ்சு.”

விநாடிக்கு இத்தனை அடி என்று ரேடார் சொல்லும் வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதன் அளவுதான் எஸ்.டி. ஐந்து குண்டில் ஏழு வந்தால், உண்மை நான்காகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம். கணக்கு படித்தவன், சொன்னதும் பிடித்துக்கொண்டான். “அப்போ இந்தக் குரூப்பும் அப்படித்தானா?” என்று அட்டையைப் பார்த்தான். அரை அங்குலம்.

இதில் பொழுதுபோக்குக்கு அப்பால் ஒன்று இருக்கிறது. மானின் நுரையீரல் பகுதியை எட்டு அங்குல வட்டம் என்று வேட்டைக்காரர்கள் கொள்வார்கள். துப்பாக்கி நூறு கெஜத்தில் அரை அங்குலம் சுடுகிறது என்று நம்புகிறவன் நானூறு கெஜத்தில் நிற்கிற மானுக்கும் குறிவைப்பான். உண்மையில் அது ஒன்றரை அங்குலம் என்றால், அங்கே சிதறல் ஆறு அங்குலம்; அதன்மேல் காற்றின் தள்ளல், தூர மதிப்பீட்டின் பிசகு, குளிரில் நடுங்கும் கை. அடிவயிற்றில் குண்டு வாங்கி ஓடிய மானின் தடத்தை இருட்டும்வரை தேடிய ஒருவருக்குத் துணையாக நான் நடந்திருக்கிறேன். மான் கிடைக்கவில்லை. மூன்று துளை அட்டையை நம்பிக் காட்டுக்குப் போகாதே என்று யாரைப் பார்த்தாலும் நான் சொல்வது அதனால்தான்.

பையன் குழலை ஆறவிட்டு ஆறவிட்டு, அதே அட்டையில் பெட்டியில் மிச்சமிருந்ததையெல்லாம் சுட்டான். வலப்பக்கம் ஒன்று விலகி விழுந்தது. “இதை விட்டுடலாமா?” என்றான். “நீ விசையை இழுத்தபோது தப்பா இழுத்த மாதிரி இருந்துச்சா?” “இல்லையே, நல்லாத்தான் இருந்துச்சு.” “அப்போ அதுவும் உன் துப்பாக்கி போட்டதுதான். எண்ணு.”

ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அந்த எண்ணையே மார்க்கரால் பெட்டி மூடியில் எழுதினான். சற்று யோசித்து, அதன் கீழே ‘250 கெஜத்துக்கு மேல் வேண்டாம்’ என்றும் எழுதிவிட்டு, தரையில் கிடந்த கூடுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.