குறுக்குவிசை வழுவமைதி

ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஏ பி சி டி என்ற வரிசையில் வரும் டி எழுத்தை உரிய துணைவிசையோடு அழுத்தினால் என்ன நடக்கும் என்பது, அழுத்துபவர் எந்த இயங்குதளத்தின் குடி என்பதைப் பொறுத்தது. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் கண்ட்ரோல்+டி அழுத்தினால் கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போய்விடும். மேக்கின் ஃபைண்டரில் கமாண்ட்+டி அழுத்தினால் அச்சு அசலாய் இன்னொரு கோப்பு பக்கத்தில் பிறக்கும். லினக்ஸில், க்னோமின் கோப்பு மேலாளரில், கோப்புக்குக் கேடும் இல்லை, பெருக்கமும் இல்லை. அது குடியிருக்கும் ஃபோல்டர் புக்மார்க்காகப் பதிந்துவிடும். அழித்தல், படைத்தல், காத்தல் என்னும் முத்தொழிலும் ஓர் எழுத்தின் மேல் ஏற்றப்பட்டிருக்கக் காண்கிறோம். சைவ சித்தாந்திகள் தொழில் ஐந்து என்பார்கள். அதற்கும் குறைவில்லை. மறைத்தலுக்கு மேக்கில் கமாண்ட்+எச் இருக்கிறது. திறந்திருக்கும் செயலியை ஒரே நொடியில் காணாமல் ஆக்கும். அருளலுக்கு இசட் இருக்கிறது. அது எல்லா இடத்திலும் அருள்வதில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

இவற்றைக் கண்டு மனம் நொந்தோர் ‘கம்ப்யூட்டரில் ஒழுங்கே கிடையாது’ என்று வைவார்கள். அற்றன்று. மரபுக்கு மாறாகத் தோன்றும் ஒரு வழக்கைக் கண்டால், அது வழுவா, வழுவமைதியா என்று ஆராய்ந்த பிறகே தள்ளுவது இலக்கணிகள் முறை. இக்கட்டுரையின் துணிபு இது: குறுக்குவிசைகளில் முறைகேடு என்று நாம் திட்டுபவற்றில் பெரும்பாலானவை பிறந்த இடத்தில் முறையாகவே பிறந்தவை. எந்தக் கருவிக்காகப் பிறந்தனவோ அது செத்துப்போயிற்று. விசை மட்டும் சாகவில்லை. இந்தக் கலவரத்தில் முதல் குற்றவாளி கண்ட்ரோல் விசை. ஆகவே அதன் குலமுறையிலிருந்து தொடங்குவதே நேர்மை.

கண்ட்ரோல் தந்தி மரபில் வந்த குடும்பம். 1963இல் ஆஸ்கி என்ற எழுத்துக் குறிமுறை வகுக்கப்பட்டபோது, அதன் முதல் 32 இடங்கள் எழுத்துகளுக்கு அல்ல, எந்திரத்துக்கான ஏவல்களுக்கு ஒதுக்கப்பட்டன. டெலிடைப் என்ற தட்டச்சுத் தந்தியில் கண்ட்ரோலை அமுக்கிக்கொண்டு ஓர் எழுத்தைத் தட்டினால், நெடுங்கணக்கில் அது எத்தனையாவது எழுத்தோ அந்த எண் கம்பி வழியே போகும். ஜி ஏழாவது எழுத்து. 7 போய்ச் சேர்ந்ததும் மறுமுனையில் உண்மையான மணி ஒன்று அடிக்கும். எஸ் 19, அனுப்புவதை நிறுத்து. கியூ 17, மறுபடி அனுப்பு. சி 3, உரை முடிந்தது. காப்பி என்ற சிந்தனையே இதில் எங்கும் இல்லை. பின்னாளில் யூனிக்ஸ் வழிவந்த டெர்மினல்களில் கண்ட்ரோல்+சி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நட்டநடுவில் நிறுத்தும் ஆணையாக நிலைபெற்றது. மூன்றாம் எண்ணின் மூலப்பொருளிலிருந்து இது அதிகம் விலகவில்லை என்பதைக் கவனிக்க.

காப்பி என்பது வேறு குலம். 1970களின் நடுவில், கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில், லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்சி என்ற எழுத்துச் செயலியை உருவாக்கினார்கள். எழுத்தை வெட்டி எடுத்து வேறோர் இடத்தில் ஒட்டுவது என்ற முறை அதில்தான் இன்றைய உருவைப் பெற்றது. டெஸ்லர் 1980இல் ஆப்பிளுக்குப் போனார். 1983இல் வந்த லீசா கணினியில், ஆப்பிள் சின்னம் பொறித்த தனி விசை ஒன்றோடு இசட், எக்ஸ், சி, வி என்று அடிவரிசையில் அடுத்தடுத்து இருக்கும் நான்கு எழுத்துகள் சேர்ந்தன. வலக்கையில் மவுஸ், இடக்கையில் இந்த நான்கு. மெக்கின்டாஷ் உருவாகும்போது, மெனு முழுக்க ஆப்பிளாகத் தொங்குகிறதே என்று ஸ்டீவ் ஜாப்ஸ் முகம் சுளிக்க, சின்னங்களை வரைந்துகொண்டிருந்த சூசன் கேர் ஒரு குறியகராதியைப் புரட்டி, நான்கு மூலையிலும் கண்ணி வைத்த ஒரு கோலத்தை எடுத்துக் கொடுத்தார். சுவீடன் நாட்டுச் சாலைகளில் ‘இங்கே பார்க்கத்தக்க இடம் உண்டு’ என்று சொல்லும் பலகைக் குறி அது. கமாண்ட் விசையில் மேக் பயனர்கள் நாள்தோறும் ஓயாமல் தொடுவது ஒரு சுற்றுலாப் பலகையை.

இங்கே நடந்த முக்கியமான காரியம் எழுத்துகளைத் தேர்ந்தது அன்று. மனிதர் சொல்லும் ஆணைக்கும் தந்திக் கம்பியில் ஓடும் ஆணைக்கும் தனித்தனி விசை வைத்ததுதான்.

ஐபிஎம் பிசியில் அந்த உபரி விசை இல்லை. 1987இல் ஐபிஎம் தன் பொதுப் பயன்பாட்டு விதிகளை வகுத்தபோது, எழுத்துகளின் பக்கமே போகாமல் கண்ட்ரோல்+இன்சர்ட் பிரதி, ஷிப்ட்+இன்சர்ட் ஒட்டு, ஷிப்ட்+டெலீட் வெட்டு என்று விதித்தது. இதைக் கோமாளித்தனம் என்பாரும் உளர். எனக்கு அது நாணயமான ஏற்பாடாகவே படுகிறது; பிறர் வீட்டு எழுத்தில் கை வைக்கவில்லை அல்லவா? 1992இல் விண்டோஸ் 3.1 அந்தக் கட்டுப்பாட்டை விட்டது. ஆப்பிளின் நான்கு எழுத்துகளைக் கொண்டுவந்து தந்திக் குடும்பத்துக் கண்ட்ரோலின் மேல் ஏற்றியது. விண்டோஸுக்கென்று கொடி போட்ட தனி விசை 1994இல் விசைப்பலகையில் வந்து சேர்ந்தது. ஆனால் அதற்குள் கண்ட்ரோலுக்கும் காப்பிக்கும் கல்யாணமே முடிந்துவிட்டது.

இந்தக் கலப்புமணத்தின் விளைவுகளை முழுதாக அனுபவிப்பவர் லினக்ஸ் பயனர். அவருடைய ஜன்னல்களில் கண்ட்ரோல்+சி பிரதி எடுக்கும். பக்கத்து டெர்மினலில் அதே விசை, இரவெல்லாம் ஓடிய கணக்கை விடியற்காலையில் கொன்றுவிடும். இதற்குப் பரிகாரமாக டெர்மினலில் பிரதி எடுக்கக் கண்ட்ரோல்+ஷிப்ட்+சி என்று விதித்தார்கள். கை அதற்குப் பழகியபின் பிரவுசருக்குப் போய் அதையே அழுத்தினால் காப்பி ஆகாது. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் பக்கத்தைக் கூறுபோட்டுக் காட்டும் டெவலப்பர் கருவி திறந்துகொள்ளும். பரிகாரத்துக்குப் பரிகாரம் இன்னும் விதிக்கப்படவில்லை. விண்டோஸ் டெர்மினல் இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் முறையைக் கைக்கொண்டது: ஏதாவது எழுத்தைத் தேர்ந்து வைத்திருந்தால் கண்ட்ரோல்+சி பிரதி, இல்லாவிட்டால் நிறுத்தல். மேக்கில் இந்த ஆராய்ச்சிக்கே இடமில்லை. கமாண்ட்+சி காப்பி, கண்ட்ரோல்+சி நிறுத்தல், இரண்டும் ஒரே ஜன்னலில் சண்டையின்றி வாழ்கின்றன. ஆப்பிளின் விலைப்பட்டியல் மீது இக்கட்டுரையாளருக்கு உள்ள கருத்து வேறு. இந்த ஒரு பொருளில் அவர்கள் பக்கமே நியாயம்.

எஸ்ஸின் கதை இன்னும் கொடியது. சேமிப்பதற்காக நொடிக்கொரு தரம் கண்ட்ரோல்+எஸ் தட்டும் வழக்கமுள்ளவர் டெர்மினலில் அதைத் தட்டினால், 19ஆம் எண் தன் பழைய கடமையைச் செய்யும். திரை உறைந்துவிடும். எதைத் தட்டினாலும் அசையாது. கணினி தொங்கிவிட்டது என்று எண்ணி ஜன்னலை மூடியவர்கள் ஏராளம். முறிமருந்து கண்ட்ரோல்+கியூ. ஆனால் அதே மருந்தை லினக்ஸின் பல செயலிகளில் கொடுத்தால் செயலியே மூடிக்கொள்ளும். மேக்கில் கமாண்ட்+கியூவும் அப்படியே. ஒரு டேபை மட்டும் மூடும் டபிள்யூவுக்கு ஒட்டினாற்போல் பக்கத்தில் அதை வைத்திருக்கிறார்கள்.

இனி அருளல். ஜன்னல்களில் இசட் செய்த பிழையைத் துடைக்கும். யூனிக்ஸ் ஷெல்லில் அது நிரலைத் தூங்கவைத்துப் பின்புறம் கிடத்தும். பழைய டாஸில் கோப்பு இத்தோடு முடிந்தது என்று பொருள்படும். துடைத்ததை மீண்டும் வேண்டுமென்றால்? விண்டோஸ் வேர்டில் கண்ட்ரோல்+ஒய். மேக்கில் வழக்கமாகக் கமாண்ட்+ஷிப்ட்+இசட். பழக்கதோஷத்தில் சஃபாரியில் கமாண்ட்+ஒய் அழுத்தினால், இதுவரை நீங்கள் எந்தெந்தப் பக்கங்களுக்குப் போனீர்கள் என்ற பட்டியல், பின்னால் நிற்பவருக்கும் சேர்த்து, விரியும். ஃபோட்டோஷாப் நெடுங்காலம் தனிச்சமயமாக இருந்தது. அங்கே முதல் இசட் பிழையைத் துடைக்கும், இரண்டாவது இசட் துடைத்ததைத் துடைத்துப் பிழையைத் திரும்பக் கொண்டுவரும். 2018இல் வந்த பதிப்பில்தான் அவர்கள் ஊரோடு ஒத்துவந்தார்கள். பழைய அடியார்கள் அதற்கும் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

ஐபிஎம்மின் பழைய விதிகள் ஒழிந்தன என்று நினைக்க வேண்டாம். விண்டோஸில் அவை இன்றும் வேலை செய்கின்றன. நோட்பேடில் ஒரு வரியைத் தேர்ந்து ஷிப்ட்+டெலீட் அழுத்தினால் வரி வெட்டப்பட்டு, வேறிடத்தில் ஒட்டுவதற்குக் காத்திருக்கும். எக்ஸ்ப்ளோரரில் ஒரு கோப்பைத் தேர்ந்து அதையே அழுத்தினால், ரீசைக்கிள் பின் என்ற இடைநிலைகூட இல்லாமல் கோப்பு ஒழியும். ‘நிச்சயமா?’ என்று ஒரு கேள்வி வரும். வேகமாகப் பழகிய விரல் அதற்கும் எண்டர் போட்டுவிடும்.

எண்டர் என்றதும் நினைவுக்கு வருகிறது. விண்டோஸில் ஒரு கோப்பின் மேல் நின்று எண்டர் அழுத்தினால் கோப்பு திறக்கும். ஃபைண்டரில் பெயரை மாற்றச் சொல்லும். கோப்பை வெட்டுவதிலும் இவ்விரு பள்ளிகளுக்கும் தத்துவ வேறுபாடு உண்டு. விண்டோஸ் மதத்தில் கோப்பை எடுக்கும்போதே ‘இடம் மாற்றப்போகிறேன்’ என்று எக்ஸ் அழுத்திச் சங்கற்பம் செய்ய வேண்டும். ஃபைண்டரில் கோப்புக்கு வெட்டு என்பதே இல்லை. சி என்று எடுத்துக்கொண்டு போய், வைக்கிற இடத்தில் கமாண்ட்+ஆப்ஷன்+வி அழுத்தினால் பழைய இடம் காலியாகும். 2011இல் லயன் பதிப்போடு வந்த ஏற்பாடு இது. கருத்தை எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டுமா, வைக்கும்போது சொன்னால் போதுமா? பொருளை எடுத்த பிறகு மனம் மாறுபவர்களே உலகில் அதிகம் என்பதால் நான் இரண்டாவது கட்சி.

மொழிவழி வேறுபாட்டையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஸ்பானிய வேர்டில் ஆணைகள் ஸ்பானியச் சொற்களின் முதலெழுத்தை ஒட்டியவை. சேமிக்க ஜி, தடித்த எழுத்துக்கு என். அங்கே போய் ஆங்கிலப் பழக்கத்தில் எஸ் அழுத்தினால் சேமிப்பு நடக்காது, அடிக்கோடு விழும். தந்தியில் மணி அடித்த ஜி அங்கே கட்டுரையைக் காப்பாற்றுகிறது. இந்த நெறியைத் தமிழுக்கும் நீட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். தமிழ்99 விசைப்பலகையில் சி இருக்கும் இடத்தில் ஒ, வி இருக்கும் இடத்தில் வ. ஒ என்றால் ஒட்டு, வ என்றால் வெட்டு. ஆக, உலகம் பிரதி எடுக்கும் விசையில் தமிழர் ஒட்டுவார்கள். உலகம் ஒட்டும் விசையில் வெட்டுவார்கள். அருளும் இசட் இருந்த இடத்தில் ஔ. பிழை செய்தவர் வாயில் வரும் ஒலிக்கு அது பொருத்தம்தான். யாரும் இந்நெறியை நம்மீது சுமத்தவில்லை என்பதைத் தமிழ்க் கணிமையின் நற்பேறுகளில் ஒன்றாகக் கொள்க.

இனிப் புறனடை. மேற்சொன்ன எந்த வரலாற்றிலும் அடங்காத வழுவும் உண்டு. ஏறக்குறைய எல்லாச் செயலியிலும் கண்ட்ரோல்+எஃப் தேடும். அவுட்லுக்கில் மட்டும் கடிதத்தை வேறொருவருக்குத் தள்ளிவிடும். இதன் காரணத்தை மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். முன்னோடியான எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் செயலியிலும் எஃப் முதலில் தேடத்தான் செய்ததாம். கண்ட்ரோல்+எஃப் தனக்குக் கடிதத்தைத் தள்ளிவிடவே வேண்டும் என்று ஒரு சோதனைப் பயனர் குறை எழுதினார். அந்தச் சோதனைப் பயனரின் பெயர் பில் கேட்ஸ். இதை வேந்தன் ஆணை என்ற தலைப்பில் தனி வகையாக வைப்பதன்றி வேறு வழியில்லை.

புதிய விசைகள் வந்தால் இந்தப் பழங்கணக்கெல்லாம் தீர்ந்துவிடும் என்பார் சிலர். 2024இல் மைக்ரோசாஃப்ட் கோபைலட் என்று ஒரு புத்தம்புது விசையை அறிவித்தது. பல மடிக்கணினிகளில் அது வலப்பக்கக் கண்ட்ரோலின் இடத்தையே எடுத்துக்கொண்டது. செயற்கை நுண்ணறிவை அழைக்கும் அந்த விசையை அழுத்தினால் கணினிக்குள் உண்மையில் போவது விண்டோஸ்+ஷிப்ட்+எஃப்23. நம் விசைப்பலகைகள் எஃப்12ஓடு முடிந்துவிடுகின்றன. எஃப்23 என்ற விசையைக் கண்ணால் பார்க்க விரும்புவோர், ஐபிஎம் பெருங்கணினி டெர்மினல்களோடு வந்த 122 விசைப் பலகை ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்.