45 நாள் கெடு

சிறுதொழில் செய்பவர் நொடிந்துபோகாமலிருக்க அரசு அருமையான ஏற்பாடு செய்திருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி!

திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்பவர் அந்த வட்டியைத் தாராளமாகக் கேட்கலாம், ஒரே ஒரு தடவை. அடுத்த ஆர்டர் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். அதனால் அவர் போனில், "அவசரமில்லீங்ணா, பாத்துப் போட்டு உடுங்க" என்று குழைகிறார். ஆனால் பில் போட்ட பாவத்துக்கு, கைக்கு வராத பணத்துக்கும் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். அதற்குக் கைகொடுப்பவர் தண்டல்காரர். அவர் சட்டம் படித்தவரில்லை. வசூல் மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.