காலி பாட்டில்

பெர்லின்,
திங்கள் ராத்திரி.

பாப்பா அம்மாவுக்கு,

நேத்து போன்ல நீ கேட்டதுக்கு நேத்தே பதில் சொல்லியிருப்பேன். ஸ்பீக்கர்ல போட்டு வெச்சிருந்தாங்க. பக்கத்துல மாப்பிள்ளை சோபாத் தலகாணியில முகத்தைப் புதைச்சுக்கிட்டுச் சிரிப்பை அடக்கறார். அந்த நேரம் பார்த்து நீ, "ஏங்க, ராத்திரி ரெண்டு மணிக்குப் பாட்டிலும் கையுமா வீட்டுக்கு வந்தீங்களாமே?"ன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? அதான் பேப்பர்ல எழுதி, போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பறேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, பெருசு பண்ணி, நீயே படி. தம்பி பொண்டாட்டியை வாசிக்கச் சொல்லாதே.

பேத்தி சொன்னதுல பொய் கிடையாது. ரெண்டு மணி உண்மை. பாட்டிலும் உண்மை. அதுவும் ஒண்ணு ரெண்டு இல்லை, மஞ்சப்பை நிறைய. உன் தங்கச்சி மகன் கல்யாணத்துல குடுத்தாங்களே, அந்தத் தாம்பூலப் பை. ஆனா அத்தனையும் காலி பாட்டில். காலின்னா நான் காலி பண்ணினது இல்லை, தாயே. ஊர்ல உள்ளவன் குடிச்சுட்டு வெச்சுட்டுப் போனது.

கோபப்படாம முழுசும் படி. இந்த ஊர்ல தண்ணி பாட்டிலோ கலர் டப்பாவோ எது வாங்கினாலும் விலைக்கு மேல 25 சென்ட் பிடிச்சு வெச்சுக்கறாங்க. நம்ம காசுக்கு ஏறக்குறைய இருபத்தஞ்சு ரூபாய். காலியைக் கொண்டுபோய்க் குடுத்தா அந்தக் காசு திரும்ப வரும். ஃபாண்ட்னு அதுக்குப் பேரு. பிளாஸ்டிக்குக்கும் தகர டப்பாவுக்கும் 2003லேர்ந்து நடக்குது. கழுவித் திரும்ப ரொப்பற பீர் பாட்டிலுக்கு மட்டும் 8 சென்ட்தான். நம்ம நீலகிரியில 2022ல ஆரம்பிச்சாங்களே, பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கிக்கிட்டு, காலியைக் குடுத்தா திருப்பித் தர்றதுன்னு, அதே கணக்கு. பழைய இரும்பு, ஈயம், பித்தாளைன்னு கத்திக்கிட்டு நம்ம தெருவுல வருவானே, அவன் தொழிலைத்தான் இங்க இன்ஜினியருங்க உட்கார்ந்து மெஷினாப் பண்ணியிருக்காங்க. பேரீச்சம்பழம் ஒண்ணுதான் தர்றதில்லை.

அந்த மெஷினைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். (மூத்தவள் இதைப் படிச்சா "மறுபடியுமாப்பா"ம்பா.) பெரிய கடைக்குள்ள சுவத்துல ஒரு வட்ட ஓட்டை. பாட்டிலைப் படுக்க வெச்சு, அடிப்பக்கம் முன்னால போற மாதிரி உள்ள தள்ளணும். உள்ள வெளிச்சம் வரும். பாட்டில் தானா உருளும். லேபிள்ல இருக்கற கோட்டைப் படிக்கும். பிடிச்சிருந்தா உள்ள இழுத்துக்கும், பின்னாடி நொறுங்கற சத்தம் கேக்கும், திரையில 0.25னு விழும். பிடிக்கலேன்னா பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி பதிலே சொல்லாம திருப்பி அனுப்பிடும். நசுங்கினது ஆகாது. லேபிள் கிழிஞ்சது ஆகாது. எல்லாம் போட்டு முடிச்சுப் பொத்தானை அமுக்கினா நம்ம டிக்கெட் மாதிரியே ஒரு சீட்டு வரும். அதைக் கல்லாவுல நீட்டினா காசு.

31 வருஷம் கும்பகோணம்–தஞ்சாவூர் ரூட்ல எத்தனை பேருக்கு டிக்கெட் பின்னால பாக்கி எழுதிக் குடுத்திருப்பேன்! "இறங்கறப்ப வாங்கிக்கம்மா"ன்னு சொல்லுவேன். பாபநாசத்துல பாதிப் பேர் மறந்து இறங்கிடுவாங்க. நானும் ஞாபகப்படுத்தினதில்லை, உனக்குத் தெரியாததா என்ன. இந்த மெஷின் ஒரு சென்ட் பாக்கி வெக்கலை. முதல் நாள் அது சீட்டைத் துப்பினப்ப எனக்கு வேர்த்துப்போச்சு.

அன்னிலேர்ந்து இந்த வீட்டுப் பாட்டில் இலாகா என் பொறுப்பு. ஆனா இவங்க எல்லாரும் குழாய்த் தண்ணியைப் பிடிச்சுக் குடிக்கறவங்க. வாரத்துக்கு மூணு பாட்டில் தேறினா பெருசு. "ஏன் இந்த வீட்டுல யாருமே கலர் குடிக்க மாட்டேங்கிறீங்க?"ன்னு நான் கேட்டதுக்கு மூத்தவள் முறைச்ச முறை இருக்கே, அப்படியே உன்னை உரிச்சு வெச்சிருக்கு. லேபிள் கிழிஞ்ச பாட்டில் ஒண்ணைச் சோத்துப் பருக்கை வெச்சு ஒட்டி எடுத்துக்கிட்டுப் போனேன். மெஷின் மூணு தடவை உருட்டிப் பார்த்துட்டு வாங்கிக்கிச்சு. பொன்னி அரிசிக்கு அவ்வளவு பசை.

சனிக்கிழமை நடந்தது இதுதான். "மாமா, இந்த ஊருக்கு வந்துட்டு ராத்திரியைப் பார்க்காமப் போனா எப்படி?"ன்னு மாப்பிள்ளைதான் கூப்பிட்டார். நானா கேக்கலை. இங்க ராத்திரியே ஒம்பதரைக்கு மேலதான் வருது. அதுவரைக்கும் சூரியன் டூட்டி முடியாத டிரைவர் மாதிரி மேலயே நிக்குது. ஒவ்வொரு பொழுதும் சாப்பாட்டுக்கு முன்னால விளக்கு வெச்சாச்சான்னு கேட்டுக் கேட்டு ஏமாந்துபோறேன்.

வெள்ளி, சனி ரெண்டு நாளும் பாதாள ரயில் விடிய விடிய ஓடுது. அந்த ரயிலைப் பத்தி நான் என்ன சொல்ல? கேட் கிடையாது. கண்டக்டர் கிடையாது. டிக்கெட்டை நாமே வாங்கி, நாமே ஒரு பெட்டியில நீட்டி முத்திரை குத்திக்கிட்டு ஏறணும். யாரும் கேக்க மாட்டாங்க. திடீர்னு சாதாரண சட்டை போட்டுக்கிட்டு ரெண்டு பேர் எழுந்து நின்னு கேட்டா, டிக்கெட் இல்லாதவன் 60 யூரோ கட்டணும். இந்த அஞ்சு வாரமா நான் டிக்கெட்டைக் கையில பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கேன், யாராவது கேக்க மாட்டாங்களான்னு. போன வாரம்தான் கேட்டாங்க. டிக்கெட் கேட்ட பையன் மூஞ்சியில நம்ம செக்கிங் இன்ஸ்பெக்டருங்களோட அதே கடுகடுப்பு. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. எழுந்து நின்னு குடுத்தேன். ஒரு தடவை பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டான். ஓரத்துல கிழிக்கக்கூட இல்லை.

முதல்ல சாப்பாடு. கறிவூர்ஸ்ட்னு பலகையில எழுதியிருந்தது. கறின்னு இருக்கேன்னு நம்பி வாங்கினேன். பன்னிக்கறித் துண்டு மேல தக்காளிச் சாறு ஊத்தி, அதுக்கு மேல மசாலாப் பொடியைத் திருநீறு மாதிரி தூவிக் குடுத்தான். 1949ல ஹெர்ட்டா ஹாய்வர்னு ஒரு அம்மா இந்த ஊர்ல தள்ளுக்கடை மாதிரி ஒண்ணு வெச்சு ஆரம்பிச்சதாம். சண்டை முடிஞ்சு ஒண்ணும் கிடைக்காத காலம், கிடைச்ச பொடியைப் போட்டிருக்காங்க. நான் குறை சொல்லலை. ஆனா உன் மொளகாப்பொடி டப்பாவைத் தொறந்தா வர்ற வாசனைகூட அதுல வரலை. பக்கத்துல ஒரு துருக்கிக்காரர் கடையில கறியைக் கம்பியில குத்திச் சுத்த விட்டு, சீவி, ரொட்டிக்குள்ள வெச்சுக் குடுத்தார். அது தேவலை. அவங்கதான் இங்க வெண்டைக்காயும் கொத்தமல்லியும் விக்கறவங்க. மீசைவெச்ச ஆளுங்க, நம்மளைப் பார்த்தா தலையை ஆட்டறாங்க.

அப்புறம் நடந்தோம். பன்னெண்டு மணிக்குத் தெருவெல்லாம் தேர்த் திருவிழாக் கூட்டம். ஆணும் பொண்ணும் கையில ஆளுக்கொரு பீர் பாட்டில், நடந்துக்கிட்டே குடிக்கறாங்க. வழிக்குன்னு வாங்கற பீருக்குத் தனிப் பேரே இருக்கு, வெக்பியர். நாம கட்டுச்சோறு கட்டற மாதிரி. இங்க பார் மூடற நேரம்னே ஒண்ணு கிடையாதாம். ஹைன்ஸ் ட்செல்லர்மயர்னு ஒரு ஹோட்டல்காரர் இதுவும் அதே 1949ல அமெரிக்கத் தளபதியைப் பார்த்துப் பேசி அந்தக் கட்டுப்பாட்டை எடுக்க வெச்சாராம். கையில ஒரு விஸ்கி பாட்டிலோட போனதாச் சொல்றாங்க. அது மட்டும் காலி பாட்டில் இல்லை போல.

பழைய பேக்டரி மாதிரி ஒரு கட்டிடம். உள்ளேர்ந்து டம் டம்னு சத்தம், விடியக்காலையில டிப்போவுல பத்து வண்டியை ஒண்ணா ஸ்டார்ட் பண்ணி விட்ட மாதிரி. டெக்னோ மியூசிக்காம். இந்த ஊர் டெக்னோவை 2024ல அவங்க நாட்டுப் பண்பாட்டுச் சொத்துப் பட்டியல்லயே சேர்த்துட்டாங்களாம். வாசல்ல நீள வரிசை. போன் கேமராவுல ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ள விடறாங்க. வாசல்ல ஒரு ஆள், கறுப்புச் சட்டை. மூஞ்சியைப் பார்க்கறான். தலையை ஆட்டினா உள்ள. இன்னொரு மாதிரி ஆட்டினா வீட்டுக்கு. காரணம் கிடையாது, எதிர்க்கேள்வி கிடையாது. ரெண்டு மணி நேரம் நின்ன பையனுங்க முனகாமத் திரும்பிப் போறாங்க. இந்த ஊர்லயே நான் பார்த்த ஒரே கண்டக்டர் அவன்தான்! நமக்கு இந்த அதிகாரம் ஒரே ஒரு நாள் இருந்திருந்தா? அய்யம்பேட்டை சந்தை நாள்ல கோழிக் கூடையோட ஏறினவங்களைக்கூட "உள்ள போ, உள்ள போ, இன்னும் உள்ள போ"ன்னுதானே ஏத்தினேன். வேட்டியோட நின்னு அரைமணி நேரம் அவன் தொழிலைப் பார்த்தேன். ஒரு தடவை என்னைப் பார்த்து லேசாத் தலையை ஆட்டினான். உள்ளே வான்னானா, போன்னானான்னு தெரியலை. மாப்பிள்ளை கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டார்.

அப்பதான் பார்த்தேன். மதில் ஓரம், மரத்தடி, குப்பைத்தொட்டி பக்கத்துல, எங்க பார்த்தாலும் காலி பாட்டில். தொட்டிக்குள்ள போடாமப் பக்கத்துல நிக்க வெச்சிருக்காங்க. எடுக்கறவங்க கையை விட்டுத் துழாவ வேண்டாம்னு அப்படி ஒரு வழக்கம். இடுப்புல மஞ்சப்பை. நான் என்ன பண்ணுவேன்? மாப்பிள்ளை போன்ல பேசிக்கிட்டே முன்னால போனார், நான் பின்னால பொறுக்கிக்கிட்டே போனேன். கலெக்‌ஷன் அள்ளிக்கிட்டு வந்தது. தீபாவளி ஸ்பெஷல்கூட அப்படி ஓட்டினதில்லை.

ஒரு திருப்பத்துல எதிர்ல ஒரு கிழவர். என்னைவிட நாலஞ்சு வயசு கூட இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில டார்ச்சு, சக்கரம் வெச்ச பை. என் மஞ்சப்பையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அடுத்த டிப்போ ரூட்ல புகுந்து டிக்கெட் ஏத்தினவன் மாதிரி ஆயிடுச்சு எனக்கு. மாப்பிள்ளை வந்து என்னமோ பேசினார். பென்ஷன் பத்தலையாம், வெள்ளி சனியில இப்படி வருவாராம். தகர டப்பா, பிளாஸ்டிக் எல்லாத்தையும் எடுத்து அவர் பையில போட்டேன். 25 சென்ட் சரக்கு முழுசும். வேண்டாம்னு சொல்லலை, நன்றின்னும் சொல்லலை. என் பைக்குள்ள டார்ச்சு அடிச்சுப் பார்த்து, ஒரு ஒயின் பாட்டிலை எடுத்துத் தனியா வெச்சுட்டு, இதுக்குக் காசு கிடையாதுன்னு விரலை ஆட்டிச் சொல்லிக் குடுத்தார். நானும் கண்டக்டர், பென்ஷன்காரன்னு எப்படிச் சொல்றது? ரெண்டு விரலை வாயில வெச்சு மெதுவா டபுள் விசில் குடுத்தேன். ரெண்டாவது மாடியில ஒரு ஜன்னல் பட்டுன்னு தொறந்துது. பத்து மணிக்கு மேல இங்க சத்தம் போடக்கூடாது. மாப்பிள்ளை, கிழவர், நான் மூணு பேரும் ஒரே ஓட்டம். என் முட்டியைக் கேக்காதே.

வீட்டுக்கு வந்தா பேத்தி ஒண்ணுக்கு எழுந்து நிக்கறா. மீதிதான் உனக்குத் தெரியுமே.

ஞாயித்துக்கிழமை கடை கிடையாது. மொத்த ஊரும் மூடிக் கிடக்கும். கண்ணாடி பாட்டிலைச் சத்தம் வர்ற மாதிரி தொட்டியில போடக்கூடக் கூடாதாம். நாள் முழுக்க மஞ்சப்பை பால்கனியில உட்கார்ந்திருந்தது, மூத்தவள் என்கிட்டப் பேசலை. சாயங்காலம் பிரிட்ஸ்ங்கற இடத்துல இருக்கற முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. இலங்கைத் தமிழருங்க கட்டினது. பிரசாதம் குடுத்த அம்மா, "எப்ப வந்தனீங்கள்? தனியவோ வந்தனீங்கள்?"ன்னு கேட்டாங்க. நம்ம பஸ்ல ஏறினா பக்கத்து சீட்டுக்காரங்க கேக்கற கேள்வி. அஞ்சு வாரத்துல வெளியாள் ஒருத்தர் என்னைப் பத்திக் கேட்ட முதல் கேள்வி அது. உன்னைப் பத்தி, உன் முட்டியைப் பத்தி, பசு கன்னு போட்டது வரைக்கும் சொல்லிட்டேன்.

இன்னிக்குக் காலையில கடை தொறந்ததும் முதல் ஆளாப் போனேன். 19 பாட்டில். ஒண்ணொண்ணா வெச்சேன், எல்லாத்தையும் வாங்கிக்கிச்சு. 1 யூரோ 52 சென்ட். போக வர ரயிலுக்கு ஆனது இதைப்போலப் பல மடங்குன்னு மாப்பிள்ளை கணக்குப் போட்டுச் சொன்னார், அதை விடு. பின்னாடி நாலு பேர் நிக்கறாங்களேன்னு அவசரத்துல பொத்தானை அமுக்கினேன். சீட்டு வரலை. திரையில ஒரு இருதயப் படம் வந்துது. அங்க ரெண்டு பொத்தான் இருக்கு, ஒண்ணு சீட்டுக்கு, இன்னொண்ணு தர்மத்துக்கு. இத்தனை நாள் சரியா அமுக்கினவன் இன்னிக்கு மாத்தி அமுக்கிட்டேன். பின்னால நின்ன பொண்ணு பெரிய மனுஷனைப் பார்க்கற மாதிரி பார்த்து, "டாங்க"ன்னுச்சு, நன்றின்னு அர்த்தம். கௌரவமா மஞ்சப்பையை உதறி மடிச்சுக்கிட்டு வந்துட்டேன்.

பேத்திகிட்டக் கண்டிச்சுச் சொல்லிட்டேன், இனிமே பாட்டிகிட்ட எதைச் சொன்னாலும் 'காலி'ங்கற வார்த்தையைச் சேர்த்துச் சொல்லணும்னு. அவளுக்கு அந்த வார்த்தை தெரியலை. தம்ளர், டப்பா, பையெல்லாம் கவுத்துக் காட்டிக் காலின்னா என்னன்னு சொல்லிக் குடுத்தேன். பிடிச்சுக்கிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, "தாத்தா, வீடு காலியா இருக்குன்னு பாட்டி நேத்து போன்ல சொன்னாங்களே, அதுவும் இந்தக் காலியா?"ன்னு கேக்கறா.

நான் பதில் சொல்லலை. போன் பண்றப்ப நீயே சொல்லிக் குடு. ஸ்பீக்கர்ல வேண்டாம்.

இப்படிக்கு,
பாப்பா அப்பா