பென்ஷன் பாக்கி போன இடம்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்றொரு ஊர். ஸ்டூடிபேக்கர் சகோதரர்கள் 1852-இல் அங்கே வண்டிப் பட்டறை போட்டார்கள். குதிரைக்கு வேலை போனதும் காருக்கு மாறினார்கள். தொழிற்சங்கம் பேச்சுவார்த்தைக்கு வந்து உட்காரும்போதெல்லாம் நிர்வாகத்தின் கையில் ஒரு தாயத்து இருந்தது: வயதான காலத்தில் கூடுதல் பென்ஷன். கொடுக்க வேண்டிய நாள் தொலைவில் இருந்தால் வாக்குக் கொடுக்கும் வாய்க்கு வலியே இல்லை.

1963 டிசம்பரில் ஆலையை மூடினார்கள். பென்ஷன் நிதியைத் திறந்து பார்த்தால், அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பங்கு போட்டதோடு பானை அநேகமாகக் காலி. அவர்களுக்கு அடுத்த வரிசையில் இருந்த சுமார் 4,000 பேருக்கு டாலருக்குப் பதினைந்து சென்ட் தேறியது. இளையவர்களுக்கு அதுவும் இல்லை. வாஷிங்டன் பதறியது, பதறி முடிக்கப் பதினோரு ஆண்டு பிடித்தது. 1974-இல் பென்ஷன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கார் தொழிலாளிகளின் கண்ணீரில் பிறந்த அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஜனாதிபதியின் பெயர் ஃபோர்டு. வரலாற்றுக்குக் குசும்பு அதிகம்.

பணத்தை ஒதுக்கி வை என்று சட்டம் சொல்லிவிட்டது. ஒதுக்கியது போதாவிட்டால் அந்தப் பாக்கியைக் கணக்கில் எங்கே காட்டுவது? இதைச் சொல்ல வேண்டியது ஃபாஸ்பி என்ற கணக்கியல் தரநிலை வாரியம். ஏழு உறுப்பினர்கள், கையில் பென்சில், பின்னால் ராணுவம் எதுவும் கிடையாது. 1982-இல் அவர்கள் ஒரு யோசனையை முன்வைத்தார்கள்: பாக்கி என்றால் பாக்கிதானே, பேலன்ஸ் ஷீட்டிலேயே கடனாக எழுதிவிடலாமே.

கோடீஸ்வரக் கம்பெனிகளுக்குக் குலை நடுங்கிவிட்டது. பங்குச் சந்தை ஏறி இறங்கினால் எங்கள் கணக்கும் சேர்ந்து ஆடும் என்றார்கள். இப்படியெல்லாம் காட்டச் சொன்னால் பென்ஷனையே நிறுத்த வேண்டி வரும் என்று, தொழிலாளி மேல் திடீர்ப் பாசம் பொங்கச் சொன்னார்கள். அந்த நிதி தனி டிரஸ்ட், கடனும் அதனுடையதுதான், எங்களை ஏன் இழுக்கிறீர்கள் என்றும் ஒரு வாதம். இதுதான் எனக்கு மிகப் பிடித்தது. ஏனென்றால் அதே 1980-களில், நிதியில் பணம் மிஞ்சியபோது பல கம்பெனிகள் திட்டத்தையே கலைத்து உபரியை வாரிக்கொண்டு போயின. குறைந்தால் டிரஸ்டுடையது, மிஞ்சினால் நம்முடையது.

1985 டிசம்பரில் 87-ஆம் எண் தரநிலை வெளிவந்தது. நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தப்பிப் பிழைத்த தரநிலை. பாக்கியின் பெரும்பகுதி பேலன்ஸ் ஷீட்டுக்கு வராமல் அடிக்குறிப்பில் குடியேறியது. எதிர்பாராத லாப நஷ்டம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கண்டுகொள்ள வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால், வேலையில் இருப்பவர்களின் மிச்ச சர்வீஸ் காலம் முழுக்கத் துளித்துளியாகக் கரைக்கலாம். வேடிக்கை என்னவென்றால், பாக்கியை உடனே காட்டுவதுதான் கொள்கைப்படி மேலானது, ஆனால் பழைய வழக்கத்திலிருந்து அது ரொம்பப் பெரிய மாற்றமாகிவிடும் என்று அந்தத் தரநிலைக்குள்ளேயே வாரியம் எழுதிவைத்தது. விதிக்குள்ளேயே மன்னிப்புக் கடிதத்தையும் மடித்து வைத்த விதி இது.

இன்னொரு வரமும் கிடைத்தது. நிதி உண்மையில் என்ன சம்பாதித்தது என்பதைவிட, என்ன சம்பாதிக்கும் என்று எதிர்பார்க்கிறோமோ அதை லாபக் கணக்கில் சேர்க்கலாம். எதிர்பார்ப்பது யார்? கம்பெனியேதான். பிறகென்ன, ஆளுக்கொரு கிளி ஜோசியர். வாரன் பஃபெட் 2001-இல் ஃபார்ச்சூன் பத்திரிகையில் இதைப் போட்டு உடைத்தார். 1975-இல் நீண்டகால அரசுப் பத்திரம் எட்டு சதவீதம் தந்தபோது ஜெனரல் மோட்டார்ஸ் எதிர்பார்த்தது 6 சதவீதம், ஐபிஎம் 4.8. 2000-இல் பத்திரம் 5.5-க்கு இறங்கியிருந்தது; இரண்டு கம்பெனிகளின் எதிர்பார்ப்போ 10-இல் நின்றது. வட்டி இறங்க இறங்க நம்பிக்கை ஏறியது.

நடுவில், ஓய்வு பெற்றவர்களின் மருத்துவச் செலவையும் கணக்கில் கொண்டுவா என்று 1990-இல் இன்னொரு தரநிலை. பழைய பாக்கியை இருபது ஆண்டுக்குப் பரப்பிக்கொள்ளலாம் என்ற சலுகையோடுதான் வந்தது. பலர் அந்தச் சலுகையைத் தொடவே இல்லை; ஒரே ஆண்டில் கொட்டிவிட்டு, இது கணக்கு முறை மாறியதால் வந்த நஷ்டம், வியாபார நஷ்டம் இல்லை என்று கைகழுவினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1992-இல் 2,350 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. அதில் பெரும்பங்கு இந்த ஒரு வரியால் வந்தது. அன்றைக்குப் பெட்டியிலிருந்து ஒரு டாலர்கூட வெளியே போகவில்லை.

2000-க்குப் பிறகு சந்தை சரிந்து, எதிர்பார்ப்புகள் அந்தரத்தில் தொங்கின. 2006-இல் வாரியம் ஒருவழியாகப் பாக்கியைப் பேலன்ஸ் ஷீட்டுக்கு ஏற்றியது. லாபக் கணக்கில் துளித்துளியாகக் கரைக்கும் வித்தையை இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தக் கட்டம் வரவே இல்லை.

அதற்குள் 2008 வந்து நிதிகளைப் புரட்டிப் போட்டது. பழைய முறைப்படி அந்த நஷ்டம் வருடக்கணக்கில் வரிசையில் நின்று, வரப்போகும் லாபத்தைக் கடித்துக்கொண்டே இருக்கும். 2010 கடைசியில் ஹனிவெல்லும், 2011 ஜனவரியில் ஏடி அண்ட் டியும் வெரைசனும் துளித்துளியாகக் கரைப்பதைக் கைவிட்டு, லாபமோ நஷ்டமோ வந்த ஆண்டிலேயே காட்டப்போவதாகத் தாமாகவே அறிவித்தன. புதிய முறையைப் பின்தேதியிட்டுப் போட்டதால் 2008-இன் அடி 2008-க்கே திரும்பிப் போனது. வரப்போகும் ஆண்டுகளின் லாபத்துக்குக் கடி குறைந்தது. முதலீட்டாளர்களுக்குத் தெளிவு கிடைக்கட்டும் என்றுதான் செய்தோம் என்றார்கள்.